கத்துவதை நிறுத்தினேன், மகன் இன்னும் மோசமாகிவிட்டான்

கேள்வி: எனக்கு 9 வயதில் ஒரு மகனும் 4 வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மாலையில் வீடு திரும்பியது முதல் தூங்கும்வரை மகனோடு போராட்டம்தான். டேப்லெட்டை வைக்கச் சொன்னால் அழுகிறான், கத்துகிறான், கதவை அறைந்து சாத்துகிறான். நானும் கத்துவேன், பிறகு குற்ற உணர்ச்சி தாங்காமல் நானே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிள்ளையைத் திட்டாமல், அடிக்காமல் அன்பாக வழிநடத்தும் 'பாசிட்டிவ் பேரண்டிங்' முறை பற்றிப் படித்துவிட்டு, இனிக் கத்துவதே இல்லை என்று முடிவெடுத்துப் பொறுமையாகப் பேச ஆரம்பித்தேன். நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. போதாக்குறைக்கு, கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்த விடைத்தாளை ஒளித்துவைத்துவிட்டு, இன்னும் தரவில்லை என்று பொய் சொன்னான். தங்கையையும் அடிக்கிறான். 'நீதான் கத்திக் கத்திக் கெடுத்தாய்' என்கிறார் கணவர்; 'ரெண்டு போடு, சரியாயிடுவான்' என்கிறார் என் அம்மா. ஒரு நாள் பொறுமை இழந்து அடித்தும்விட்டேன். அன்றிரவு அவன் 'உனக்கு என்னைப் பிடிக்காது' என்று சொன்னது மனதை அறுக்கிறது. காலம் கடந்துவிட்டதா?

அன்புள்ள சகோதரிக்கு,

காலம் கடக்கவில்லை. பெற்றோர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது 9 வயதுப் பிள்ளைக்கு இன்னும் பெரிய விஷயம். 'உனக்கு என்னைப் பிடிக்காது' என்று அவன் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னதே, நீங்கள் அதை மறுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்தான். அப்படிச் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. கத்துவதை நிறுத்தினீர்கள், நல்ல முடிவு. ஆனால் இத்தனை காலமும் அந்தக் கத்தல் உங்கள் வீட்டில் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. 'வை' என்று நீங்கள் முதல் நான்கு தடவை சொல்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஐந்தாவது தடவை குரல் உயரும்போதுதான் அம்மா நிஜமாகவே சொல்கிறாள் என்பதை உங்கள் மகன் அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்கிறான். இப்போது ஐந்தாவது தடவையும் குரல் உயர்வதில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரே அடையாளமும் மறைந்துவிட்டதால், அது எங்கே என்று தெரியும்வரை முட்டிப் பார்க்கிறான். நீங்கள் பொறுமையாக இருந்ததில் பிழையில்லை. கத்தலை எடுத்த இடத்தில் வேறெதையும் வைக்காமல் விட்டதுதான் சிக்கல்.

பாசிட்டிவ் பேரண்டிங் என்ற பெயரில் வலம்வரும் அறிவுரைகளில் பாதி, இந்த இடத்தைச் சொல்லாமல் நழுவிவிடுகின்றன என்பது என் வருத்தம். இனிமையாகப் பேசினால் பிள்ளை இணங்கிவிடும் என்ற தோற்றத்தை அவை தருகின்றன. ஆராய்ச்சி சொல்வது அதுவல்ல. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட், 1960களில் பாலர் பள்ளி வயதுக் குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கவனித்து, அதிகாரம் மட்டும் செலுத்துபவர்கள், எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுப்பவர்கள், அன்போடு உறுதியையும் சேர்த்துக் காட்டுபவர்கள் என மூன்று வகையினரை அடையாளம் கண்டார். தன்னம்பிக்கையும் தன்னடக்கமும் கூடியிருந்தது மூன்றாம் வகையினரின் குழந்தைகளிடம்தான். 1983இல் எலினார் மக்கோபி, ஜான் மார்ட்டின் இருவரும் இதை விரித்து, பிள்ளையிடம் காட்டும் கனிவு ஓர் அளவு, பிள்ளையிடம் எதிர்பார்க்கும் ஒழுங்கு இன்னோர் அளவு, இரண்டும் தனித்தனி என்று விளக்கினார்கள். ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் முறைவைத்துக்கொண்டு வருகின்றன. கத்தும்போது கண்டிப்பு மட்டும் இருக்கிறது, டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கனிவு மட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வாக்கியத்தில் வர வேண்டும் என்பதுதான் இந்தப் பதிலில் நான் சொல்ல விரும்புவது.

மாலையில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வைக்கச் சொல்கிறீர்கள், அவன் அழுகிறான், நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். அவனுடைய அழுகைக்கு டேப்லெட் பரிசாகக் கிடைக்கிறது. நீங்கள் விட்டுக்கொடுத்ததற்கு வீட்டின் அமைதி பரிசாகக் கிடைக்கிறது. ஆக, இருவருமே ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர், வீடுகளுக்கே பார்வையாளர்களை அனுப்பி, பெற்றோரும் பிள்ளைகளும் மாறி மாறி என்ன செய்கிறார்கள் என்பதை வரிசையாகப் பதிவு செய்து, இந்தச் சுழற்சியைத்தான் கண்டறிந்தார். ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பும் சற்று மேலே ஏறும். நேற்று அழுகை போதுமானதாக இருந்தது என்றால் இன்று கதவை அறைய வேண்டியிருக்கும். இதில் தினமும் விட்டுக்கொடுப்பதைவிட, சில நாள் விட்டுக்கொடுத்துச் சில நாள் மறுப்பது பழக்கத்தை இன்னும் ஆழமாக வேரூன்றச் செய்துவிடுகிறது. ஒரு நாள் திறந்தும் ஒரு நாள் பூட்டியும் இருக்கும் கதவைத்தான் பிள்ளைகள் விடாமல் தட்டிப் பார்ப்பார்கள்.

இனி என்ன செய்வது? விடுமுறை நாள் ஒன்றில், யாருக்கும் கோபமோ பசியோ இல்லாத வேளையில், மகனோடு உட்கார்ந்து நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்குவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது, நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் அவனிடமே கேளுங்கள். நீங்கள் நினைப்பதைவிடக் கடுமையான தண்டனையை அவனே சொல்லக்கூடும், அதைக் குறைத்துவிடுங்கள். இன்று எத்தனை நிமிடம் கூடுதலாகப் போனதோ அத்தனை நிமிடம் நாளை குறையும் என்பது போன்ற சிறிய, முன்கூட்டியே தெரிந்த, செயலோடு நேரடித் தொடர்புள்ள விளைவே போதும். கோபத்தில் 'இனிமே ஒரு மாசத்துக்கு டேப்லெட்டே கிடையாது' என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் எடுத்துக் கொடுப்பவர்கள், தங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதைத்தான் பிள்ளைக்கு நிரூபித்துக் காட்டுகிறார்கள்.

அன்று மாலை, நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, சமையலறையில் நின்றுகொண்டு குரல் கொடுக்காமல் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். திரையைப் பாருங்கள். 'இது எந்த லெவல்?' என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேளுங்கள். பிறகு, 'இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. இந்த ஆட்டம் முடிஞ்சதும் நிறுத்திடு, புதுசா ஒண்ணு ஆரம்பிக்க வேண்டாம்' என்று சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னால் பெரியவர்களுக்கே எரிச்சல் வரும். அந்த எரிச்சலைத் தவிர்க்க வழி செய்வது விட்டுக்கொடுப்பது ஆகாது. நேரம் முடிந்ததும், 'நேரம் ஆயிடுச்சு. நிறுத்தக் கஷ்டமாத்தான் இருக்கும், எனக்குத் தெரியுது. நீயே வைக்கிறியா, நான் எடுத்து வைக்கட்டுமா?' என்று ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். கனிவும் உறுதியும் ஒரே மூச்சில் வருவது என்று நான் சொன்னது இதைத்தான்.

அதற்குப் பிறகு பேசாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். கண் கெட்டுப்போகும், படிப்பு கெட்டுப்போகும், உன் வயதில் நாங்கள் எப்படி இருந்தோம் தெரியுமா என்று உபதேசம் தொடங்கிவிடும். பிள்ளையும் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும். டேப்லெட் பற்றிய பேச்சு, யார் வாயடைப்பது என்ற போட்டியாக மாறிவிடும். அவன் வைக்காவிட்டால் நீங்கள் அமைதியாக எடுத்து வையுங்கள். கையிலிருந்து பிடுங்கும் நிலை வந்தால் பிடுங்க வேண்டாம். கூடுதலாகப் போன நிமிடங்களைக் குறித்துக்கொண்டு மறுநாள் கழியுங்கள். அவன் அழுதால் அழட்டும். அழுகையை நிறுத்தச் சொல்லவும் வேண்டாம், அதற்கு இணங்கவும் வேண்டாம். 'கோபமா இருக்கே, தெரியுது. நான் இங்கதான் இருக்கேன்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு அருகிலேயே வேறு வேலையைப் பாருங்கள். டேப்லெட் அன்றிரவு திரும்ப வராது.

ஓர் எச்சரிக்கை. முதல் சில நாட்களில் அவனுடைய ஆர்ப்பாட்டம் குறையாது, கூடும். இதுவரை பலன் தந்த ஒரு வழி திடீரெனப் பலிக்காமல் போகும்போது அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது மனித இயல்பு. காசு போட்ட இயந்திரம் பொருளைத் தராவிட்டால் நாமும் பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தத்தானே செய்கிறோம்? இந்த உயர்வு வரும் என்று முன்பே தெரியாத பெற்றோர், இந்த முறை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டிச் சரியாக அதன் உச்சத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படிக் கைவிடும்போது, இவ்வளவு கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. நீங்கள் பொறுமையாகப் பேச ஆரம்பித்ததும் நிலைமை மோசமானதற்கு இதுவும் ஒரு பங்கு காரணமாக இருக்கலாம்.

குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். கத்திய பிறகு நீங்கள் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுப்பது மன்னிப்புக் கேட்பதற்கு ஈடாக என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. மன்னிப்பு வேண்டும், ஆனால் அது டேப்லெட் வடிவில் வரக்கூடாது. 'நேத்து நான் கத்தினது தப்பு. டேப்லெட்டை வைக்கணும்னு சொன்னது சரி, சொன்ன விதம் சரியில்ல' என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள், 'நீ சொன்ன பேச்சு கேட்டிருந்தா நான் ஏன் கத்தப்போறேன்' என்று சேர்த்துவிட்டால் அது மன்னிப்பாக இருக்காது. உறவைச் சரிசெய்ய விதியைத் தளர்த்த வேண்டியதில்லை. கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் முகத்துக்கு முகம் வைத்துப் பதிவு செய்து ஆராய்ந்த எட்வர்ட் டிரானிக், நன்றாக ஒட்டியிருக்கும் தாய்சேய் உறவிலும் இருவரும் ஒத்திசைந்து இருப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான் என்று கண்டார். மற்ற நேரமெல்லாம் விலகுவதும், மீண்டும் வந்து சேர்வதுமாகவே கழிகிறது. அப்படி வந்து சேர முடியும் என்ற அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைப்பதே குழந்தைக்கு நம்பிக்கையைக் கொடுக்கிறது. ஆகவே ஒருபோதும் கத்தாத தாயாக மாற முயன்று களைத்துப்போகாதீர்கள்.

அடித்ததைப் பற்றி உங்கள் அம்மாவின் கருத்துக்கு மரியாதையோடு மாறுபடுகிறேன். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் இருவரும் 2016இல், ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 75 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,60,000 குழந்தைகள் பற்றிய தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கையால் அடிப்பது பிள்ளையின் முரட்டுத்தனம் கூடுவதோடும், பெற்றோருடனான உறவு கெடுவதோடும் தொடர்புடையதாகவே இருந்தது. நன்மையோடு தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை. 'நாங்க அடி வாங்கித்தானே வளர்ந்தோம்' என்று அம்மா சொன்னால் வாதாட வேண்டாம். 'என்னால அடிக்க முடியலம்மா, வேற வழி பாக்குறேன், நீங்களும் கூட இருங்க' என்று சொன்னாலே பெரும்பாலும் போதும். பாட்டியின் பாசத்துக்கு இந்த வீட்டில் வேறு உபயோகம் நிறைய இருக்கிறது. ஒரு முறை அடித்ததற்காக உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதற்கும் அவனிடம் தெளிவாக வருத்தம் தெரிவியுங்கள். அவன் தங்கையை அடிப்பதை நிறுத்தச் சொல்லும் தகுதி அதன் பிறகுதான் வரும்.

பொய் விஷயத்தை நான் டேப்லெட்டைவிட முக்கியமாகக் கருதுகிறேன். அவன் ஒளித்துவைத்தது கெட்ட செயலுக்கான சான்றை அல்ல, தோல்விக்கான சான்றை. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். வீட்டில் அவனை 'நீ ரொம்பப் புத்திசாலி' என்று பாராட்டும் பழக்கம் உண்டா என்று நேரில் வந்திருந்தால் கேட்டிருப்பேன். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்களைக் கொடுத்து, ஒரு பிரிவினரின் புத்திசாலித்தனத்தையும் இன்னொரு பிரிவினரின் உழைப்பையும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் தடுமாறிய பிறகு, தங்கள் மதிப்பெண்ணை முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண் வெறும் மதிப்பெண்ணாகத் தெரிவதில்லை.

தண்டனை பயமும் பொய்யைக் குறைப்பதில்லை. விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்காவில் அடித்துத் திருத்தும் பள்ளி ஒன்றின் சிறு குழந்தைகளையும் அடிக்காத பள்ளி ஒன்றின் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். அடி வாங்கும் பள்ளியின் குழந்தைகளே அதிகம் பொய் சொன்னார்கள். அதைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாலும் குலையாதபடி காப்பாற்றும் திறமையும் அவர்களிடமே கூடியிருந்தது. எனவே, உங்களுக்குத் தெரிந்துவிட்ட ஒன்றை வைத்து 'விடைத்தாள் குடுத்தாங்களா?' என்று பொறி வைக்காதீர்கள். 'கணக்கு விடைத்தாளைப் பாத்தேன். மார்க் கம்மியா இருக்கறதுல எனக்குக் கோபம் இல்ல. எங்கிட்ட சொல்ல உனக்குப் பயமா இருந்திருக்கு, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. எந்தக் கணக்கு புரியலன்னு சேர்ந்து பாக்கலாமா?' என்று தொடங்குங்கள். அவனாக உண்மையைச் சொல்லும் அடுத்த தருணத்தில், என்ன தவறு நடந்திருந்தாலும், உண்மையைச் சொன்னதை முதலில் பாராட்டிவிட்டுத் தவறுக்கு அப்புறம் வாருங்கள்.

தங்கையை அடிப்பதைப் பொறுத்தவரை, அடி விழும் கணத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கையைத் தடுத்து, இருவரையும் விலக்கி, அடிபட்டவளை முதலில் கவனியுங்கள். 'நீ பெரியவன், நீதான் விட்டுக்கொடுக்கணும்' என்ற வாக்கியத்தை வீட்டிலிருந்து அகற்றிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

உங்கள் கணவரும் இந்தப் பதிலைப் படிப்பது நல்லது. மகன் மோசமானதற்கு யார் காரணம் என்ற விசாரணையில் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. கத்தாதே என்று உங்களிடம் சொல்பவர், டேப்லெட்டை வைக்கச் சொல்லும் பொறுப்பை வாரத்தில் பாதி நாட்களாவது ஏற்றுக்கொள்ளட்டும். அப்போது பேச்சின் தொனி தானாக மாறும். இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால், ஒருவர் சொன்னதை இன்னொருவர் பிள்ளையின் முன் ரத்து செய்யக்கூடாது என்ற ஒரு விதி போதும். வேறுபாடே இல்லாத தம்பதியாக நடிக்கவும் தேவையில்லை. பெற்றோர் சண்டையைக் காணும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மார்க் கமிங்ஸ், சண்டை சமாதானமாக முடிவதைப் பிள்ளைகள் பார்த்தால் அவர்களின் கலக்கம் வெகுவாகக் குறைகிறது என்று காட்டியிருக்கிறார். பெரும்பாலான வீடுகளில் சண்டை கூடத்திலும் சமாதானம் அறைக்குள்ளும் நடப்பதால், பிள்ளைகள் முதல் பாதியை மட்டுமே பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் அடிப்படையாக, தினமும் மகனுக்கு மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்-பிள்ளை சிகிச்சை முறையில் வீட்டுப்பாடமாகக் கொடுப்பதே இந்த ஐந்து நிமிடம்தான். என்ன செய்வது என்பதை அவன் தேர்ந்தெடுப்பான். நீங்கள் கேள்வி கேட்கக்கூடாது, கட்டளையிடக்கூடாது, திருத்தக்கூடாது. அவன் செய்வதைக் கவனித்து, கண்ணில் பட்ட நல்லதைச் சொல்ல வேண்டும். அந்த முறை பெரும்பாலும் 2 முதல் 7 வயது வரையுள்ளவர்களுக்கானது என்றாலும், 9 வயதிலும் பெரிய மாற்றமின்றிச் செய்யலாம். பொம்மைக்குப் பதில் அவன் வரைவதோ பந்து விளையாடுவதோ இருக்கும். அவன் அன்று அடம்பிடித்திருந்தாலும் இந்த ஐந்து நிமிடத்தைத் தண்டனையாக வெட்டிவிடாதீர்கள். செய்ய ஆரம்பித்தால் தெரியும், கேள்வி கேட்காமல் ஐந்து நிமிடம் ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று.

இவையெல்லாம் செய்து இரண்டு மூன்று மாதங்களாகியும் மாற்றம் தெரியாவிட்டால், அல்லது தூக்கமோ சாப்பாடோ குறைந்தால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், தன்னையோ தங்கையையோ காயப்படுத்தும் அளவுக்குப் போனால், குழந்தைகள் மனநல நிபுணர் ஒருவரை நேரில் பாருங்கள். கணக்கில் மட்டும் தொடர்ந்து பின்தங்குகிறான் என்றால் ஆசிரியரிடம் பேசி, கற்றல் குறைபாடு ஏதும் இருக்கிறதா என்று பரிசோதிப்பதும் அவசியம். உள்ளே அப்படி ஒன்று இருந்து அதை நாம் சோம்பல் என்று திட்டிக்கொண்டிருந்தால் எந்த முறையும் பலிக்காது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். விடைத்தாளைப் பற்றிய பேச்சை முதலில் முடியுங்கள், ஐந்து நிமிடத்தை அன்றே ஆரம்பித்துவிடுங்கள். டேப்லெட் ஒப்பந்தம் அடுத்த வாரம்வரை காத்திருக்கலாம்.